மூணாம் வரிசைக்கு இறக்கையில் போட்டோம்

"ஒண்ணாவது வரிசைக்கும் ரெண்டாவது வரிசைக்கும் நீங்க ஊசியே போடல"ன்னு சொல்லிப்போட்டாருங்க டாக்டரு. என்ற மூஞ்சிக்கு நேரா. பண்ணை ஆபீஸ் ரூம்புல, ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கிட்டு, காப்பி டம்ளரக் கையில வெச்சுக்கிட்டு, இன்னைக்கு வெயில் சாஸ்திங்கற மாதிரி சாவகாசமா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! உச்சி மண்டை சுர்ருன்னுச்சு. பதினாறு வருசமாக் கோழிக்கு ஊசி போடறேனுங்க. காசு வாங்கலாம், கடன் வாங்கலாம், போடாத ஊசியப் போட்டேன்னு பேரு வாங்கினதில்ல. "இன்னொருக்காச் சொல்லுங்க டாக்டரு, சரியாக் காதுல உழுகல"ன்னேன். அவரும் அசரல. இன்னொருக்கா அதையேதான் சொன்னாரு.

என்ற பேரு தமிழ்ச்செல்வி. ஊரு நாமக்கல்லுக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவால. கோழிப் பண்ணைக்கு ஊசி போடற செட்டு ஒண்ணு வெச்சிருக்கறேன். என்னோட சேத்துப் பன்னெண்டு பொம்பளைங்க. குஞ்சுக்குக் கண்ணுல சொட்டு மருந்து, மூக்கு வெட்டறது, அம்மைக்கு இறக்கையில குத்தறது, கழிச்சலுக்குக் கழுத்துத் தோல்ல போடறது, அல்லாம் நாங்கதான். நீங்க முட்டை பொரிச்சுத் திங்கறீங்கல்ல, அதைப் போட்ட கோழிய நாங்க நாலஞ்சு தடவையாவது கையில புடிச்சிருப்போம்.

இந்தத் தொழில்ல ஒரு கெரகம் இருக்குதுங்க. கோழி நல்லா இருந்தா, மருந்து நல்ல மருந்து. கோழி செத்தா, ஊசி போட்டவ சரியில்ல. நாலு வருசத்துக்கு மின்னால ஒரு பண்ணையில அப்படித்தான் ஆச்சு. மருந்து விக்கறவரு ஐஸ் இல்லாம மத்தியானம் பூரா மருந்தக் காருக்குள்ள வெச்சுட்டு ஒறம்பரை ஊட்டுல விருந்து சாப்பிட்டுப்போட்டு வந்தாரு. அந்த மருந்த நாங்க போட்டோம். ஒரே வாரத்துல ஷெட்டுல பாதி காலி. ஆரு மேல பழி? எங்க மேல. எட்டு மாசம் ஒருத்தரும் கூப்பிடல. எங்க செட்டுல இருக்கற சாலம்மாக்கா செங்கச் சூளைக்கு மண்ணு செமக்கப் போச்சு. நான் சாயப்பட்டறையில போயி நின்னேன். அந்த மருந்துக்காரரு இன்னமும் அதே காருலதான் போறாரு, வாராரு. எதுக்கால பாத்தா ஹாரன் வேற அடிப்பாரு.

அதனால "நீங்க போடல"ங்கற சொல்லு எனக்குச் சாதாரணச் சொல்லு இல்லீங்க. அந்தச் சொல்லு பண்ணை பண்ணையாப் போயிருச்சுன்னா, பன்னெண்டு ஊட்டு அடுப்புக்கும் அதுதான் கடைசி.

நடந்ததை மொதல்ல இருந்தே சொல்லிப்போடறேன். சென்னிமலை அண்ணன் பண்ணைதான் அது. பெரிய பண்ணைன்னு சொல்ல முடியாது, அஞ்சு ஷெட்டு. சேலத்துல ஃபேர்லேண்ட்ஸ்ல ஆபீஸ் போட்டிருக்கற ஒரு மருந்துக் கம்பெனி, வெள்ளைக் கழிச்சலுக்குப் புதுசா ஒரு மருந்து கண்டுபுடிச்சு, அதை ஒரு ஷெட்டுல போட்டுப் பாக்கணும்னு வந்தாங்க. வந்தவருதான் டாக்டரு கலையரசன். கோழி டாக்டரு. நல்லாப் பேசுவாரு, இல்லேங்கல. வந்த அன்னைக்கே எங்க எல்லாத்தையும் வேப்ப மரத்தடியில உக்கார வெச்சுச் சொன்னாரு:

"இது பழைய மருந்து மாதிரி கிருமியக் கொன்னு செய்யறது இல்ல. கிருமியோட ஒரு துண்டை எப்படிச் செய்யறதுன்னு எழுதின டிஎன்ஏ மட்டும்தான் இதுல இருக்கு. கோழியோட செல்லே அதைப் படிச்சு, அந்தத் துண்டைச் செஞ்சு, உடம்புக்குக் காட்டிக் குடுக்கும். பாத்த ஒடம்பு உஷாராயிரும்."

"அப்பச் சீக்கோட அங்க அடையாளத்தைச் சீட்டுல எழுதி உள்ள அனுப்பறீங்க"ன்னு சாலம்மாக்கா கேட்டுச்சு. டாக்டரு சிரிச்சுப்போட்டு, "அதேதான்"னாரு. 

அஞ்சு வரிசைக் கூண்டு அந்த ஷெட்டுல. நாலு வரிசைக்கு மருந்து. அஞ்சாவது வரிசைக்கு ஒண்ணும் கெடையாது, சும்மா ஒத்துப் பாக்கறதுக்கு. மூணு வாரம் விட்டு ரெண்டு தடவை போடணும். எங்க போடணும்? நெஞ்சுச் சதையில. ஊசி நேரா எறங்கோணும். இதைப் பத்துத் தடவை சொன்னாரு. பேப்பர்லயும் அச்சடிச்சு ஷெட்டுக் கதவுல ஒட்டிப்போட்டாரு.

மொத நாளு காலையில ஆறு மணிக்கே ஆரம்பிக்கச் சொன்னாரு. "பதினோரு மணிக்கு மேல வெச்சுக்கலாம்ங்க டாக்டரு"ன்னு நான் சொன்னேன். ஏன்னு கேட்டாரு. முட்டை போடற கோழிக்குக் காலையில வயித்துக்குள்ள முட்டை தெரண்டு நிக்கும். அந்த நேரத்துல அதைக் கூண்டுல இருந்து உருவித் தலைகீழாப் புடிச்சா, சிலதுக்கு உள்ளாறயே முட்டை ஒடஞ்சு போகும். ஒடஞ்சா அந்தக் கோழி தப்பாது. இது எந்தப் புஸ்தகத்துல இருக்குதோ இல்லையோ, எங்க கையிக்குத் தெரியும். டாக்டரு கேக்கல. ஐஸ் தாங்காது, மருந்து வீணாயிரும், ஆறு மணின்னா ஆறு மணிதான்னாரு. சரின்னுட்டோம். ஆரம்பிச்சு வெச்சுப்போட்டு அவரு டிபன் சாப்பிட நாமக்கல்லுக்குப் போயிட்டாரு.

ஒண்ணு, ரெண்டு வரிசை முடிச்சோம். அத்தனைக்கும் நெஞ்சுலதான். சத்தியமா நெஞ்சுலதான். ரெண்டாவது வரிசை முடியறதுக்குள்ள ஆறு கோழி போச்சு. வயித்துல முட்டை ஒடஞ்சு, மஞ்சக் கரு பின்னால ஒழுகி, கண்ணு சொக்கிக் கெடக்குது. சென்னிமலை அண்ணன் ஓடியாந்தாரு. "ஏம்புள்ள செல்வி, என்ற கோழியக் கொல்லறதுக்கா வந்தீங்க? இனி ஒரு கோழியக்கூடக் கூண்டை விட்டு வெளிய எடுக்கக் கூடாது!"ன்னு அவரு போட்ட கூப்பாடு ரோட்டுக்குக் கேட்டிருக்கும்.

மருந்துப் பெட்டியில ஐஸ் உருகிக்கிட்டு இருக்குது. டாக்டரு ஃபோனை எடுக்கல. கோழிய வெளிய எடுக்காம நெஞ்சுல போட முடியாது. ஆனா இறக்கையில போடலாம். கூண்டுக் கம்பிக்கு நடுவால இறக்கைய மட்டும் இழுத்துப் புடிச்சா, சவ்வுத் தோலு வெளிச்சத்துல நல்லாத் தெரியும். அம்மை ஊசி அங்கதான் குத்துவோம். குஞ்சுக்குப் போடற சின்ன ஊசி கைவசம் இருந்துச்சு. நான்தான் முடிவு பண்ணினேன். "இறக்கையிலயே போடுங்கடி, தோலுக்குள்ளயே நிக்கோணும், கொப்புளம் எந்திரிக்கோணும்"னு சொன்னேன். மூணு, நாலு வரிசை அப்படித்தான் ஆச்சு. கோழி ஒண்ணுகூடச் சாகல.

டாக்டரு திரும்பி வந்தப்பச் சொல்லியிருக்கோணும். சொல்லல. இது என்ற தப்பு. அவரு வந்ததும் ஃபோன்ல ஆருகிட்டயோ "எல்லாம் பக்காவாப் போய்ட்டிருக்குங்க சார்"னு பேசிக்கிட்டு இருந்தாரு. அந்த நேரத்துல போயி "நீங்க ஒட்டின பேப்பர்ப் படி பாதிதான் போட்டோம்"னு சொல்ல எனக்குப் பயம். சொன்னா இந்த வேலை போயிரும், வேற செட்டக் கூப்பிட்டுருவாருன்னு பயம். சாயப்பட்டறை ஞாபகம் வந்துச்சு. கம்முனு இருந்துட்டேன். மூணு வாரங்கழிச்சு ரெண்டாவது தடவையும் மொதத் தடவை எப்படியோ அப்படியே: ஒண்ணு ரெண்டுக்கு நெஞ்சு, மூணு நாலுக்கு இறக்கை. அன்னைக்கு டாக்டரு வரவே இல்ல, பதினோரு மணிக்கு மேல போட்டதால நெஞ்சுல போட்டும் கோழி சாகல.

அதுக்கப்பறம் ரத்தம் எடுக்கறதுக்கு ஒரு புள்ளைய அனுப்பிச்சாங்க. தீபிகான்னு பேரு, கெங்கவல்லிப் பக்கம் சொந்த ஊரு, கம்பெனி லேப்ல வேலை. வெடுக்குனு பேசாது, தலைய நிமித்தாது, ஆனா இறக்கை நரம்புல ஒரே குத்துல ரத்தம் எடுக்கும். கை அப்படி. நானே மெச்சிக்கிட்டேன்.

இப்ப ரிசல்ட்டு வந்திருக்குது. அதுக்குத்தான் என்னையக் கூப்பிட்டு இந்த ரூம்புல நிக்க வெச்சிருக்கறாங்க. டாக்டரு ஒரு பக்கம், சென்னிமலை அண்ணன் ஒரு பக்கம், செவுத்தோரமா ஸ்டூல்ல தீபிகா. சாலம்மாக்கா வாசப்படியில.

"மூணு, நாலு வரிசையில டைட்டர் பிரமாதமா ஏறியிருக்கு"ன்னாரு டாக்டரு. டைட்டர்னா ரத்தத்துல எதிர்ப்பு சக்தி எத்தனை இருக்குதுங்கற கணக்கு. "ஒண்ணு, ரெண்டுல ஏறவே இல்ல. மருந்தே போடாத அஞ்சாவது வரிசை மாதிரியே இருக்கு. அப்ப என்ன அர்த்தம்? போடலன்னுதானே அர்த்தம்?"

"போட்டோம்ங்க. ஆறு கோழி செத்துச்சு, அண்ணனே பாத்தாரு."

சென்னிமலை அண்ணன் செல்ஃபோனைத் தேய்ச்சுக்கிட்டே, "நான் எங்க பாத்தேன்? நான் ஷெட்டுப் பக்கமே வரல"ன்னாரு.

அடப்பாவி மனுசா! அன்னைக்கு அத்தனை கூப்பாடு போட்ட தொண்டை இப்ப எங்க போச்சு? அவருக்குக் குஞ்சு குடுக்கறது இந்தக் கம்பெனிக்காரங்களோட பங்காளி கம்பெனி. பகைச்சுக்க முடியாது. அது எனக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண, வயிறு எரியுதுல்ல.

டாக்டரு ஒரு தாளை நகத்தி வெச்சாரு. டைப் அடிச்சது. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ, எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ஒண்ணு, ரெண்டு வரிசைகள்ல ஊசி போடும் குழுவோட கவனக்குறைவால மருந்து விடுபட்டுப் போச்சு. மூணு, நாலு வரிசைகள்ல நெஞ்சுச் சதையில முறையாப் போடப்பட்டுச்சு. கீழ, குழுத் தலைவி கையெழுத்து.

"பயப்படாதீங்க தமிழ்ச்செல்விம்மா"ன்னாரு, தேனாட்டம். "மனுசங்கதானே, விட்டுப்போறது சகஜம். அந்த ரெண்டு வரிசையக் கணக்குல இருந்து எடுத்துருவோம். உங்க மேல ஒரு நடவடிக்கையும் கிடையாது. இனி எங்க மருந்து எந்தப் பண்ணைக்குப் போனாலும் உங்க செட்டுதான் போடும். நானே சொல்லிடறேன்."

வாசப்படியில சாலம்மாக்கா முந்தானையக் கடிச்சுக்கிட்டு நிக்குது. அதோட ஊட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயி வாரத்துக்கு ரெண்டு தடவை மிசின் வெக்கோணும். எந்தப் பண்ணைக்குப் போனாலும் உங்க செட்டுதான்னு டாக்டரு சொன்னதை அது கேட்டுருச்சு. நான் அதோட மூஞ்சியப் பாக்கல. பாத்தா கையெழுத்துப் போட்டுருவேன்னு தோணுச்சு.

"தண்ணி குடிச்சுப்போட்டு வாரேன்"னு வெளிய வந்துட்டேன்.

கொழாயடியில மூஞ்சியக் கழுவிக்கிட்டு நிக்கறேன், பின்னாலயே தீபிகா வந்துச்சு. டப்பா கழுவற சாக்குல குனிஞ்சுக்கிட்டு, மெதுவா, "அக்கா, மூணு நாலு வரிசைக்கு இறக்கைத் தோல்லதானே போட்டீங்க?"ன்னுச்சு.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. "உனக்கு எப்படித் தெரியும் கண்ணு?"

"ரத்தம் எடுக்கறப்பப் பாத்தேன். அந்த ரெண்டு வரிசையில மட்டும் இறக்கைச் சவ்வுல சின்னதாத் தடிப்பு இருந்துச்சு. ஒண்ணு ரெண்டுல நெஞ்சுல ஊசித் தழும்பு இருந்துச்சு. அங்கயும் போட்டிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

"அப்பறம் ஏன் அந்த ரெண்டு வரிசையில ஒண்ணுமே ஏறல?"

அந்தப் புள்ள அப்பத்தான் நிமிந்து பாத்துச்சு. தனக்குத் தெரிஞ்ச விசயம்னா அது கண்ணே வேற மாதிரி இருக்குது. "இந்த மருந்து செல்லுக்குள்ள போனாத்தான்க்கா வேலை செய்யும். சதையில போட்டா முக்கால்வாசி உள்ள போறதுக்கு மின்னாலயே அழிஞ்சுபோயிரும். போனாலும், சதையில இருக்கற செல்லுங்க கிருமியோட துண்டைச் செஞ்சுட்டு சும்மா இருந்துரும். அதை எடுத்துக்கிட்டுப் போயி உடம்புக்குக் காட்டிக் குடுக்கற செல்லுங்க சதையில கம்மி. தோல்ல நெறைய. கிருமி வெளிய இருந்து வர்ற வழி தோலுதானே, அதனால அங்க காவல் சாஸ்தி. கொரோனா வந்தப்ப மனுசனுக்கே இந்த மாதிரி டிஎன்ஏ மருந்து ஒண்ணு வந்துச்சுல்ல, அதையும் தோல்லதான் குடுத்தாங்க. எல்லா மருந்துக்கும் இப்படின்னு சொல்ல முடியாது. ஆனா இந்த மருந்துக்கு, இந்தக் கோழிக்கு, தோலுதான் வழின்னு நம்ம ஷெட்டே காட்டிருச்சு."

"மருந்து ஒண்ணுதான், போற வழிதான் வேறங்கற."

"ஆமாக்கா."

"இதை டாக்டருகிட்டச் சொல்லலியா சாமி?"

அது டப்பா மூடியத் திருகிக்கிட்டே நின்னுச்சு. "சொன்னேன். ரிசல்ட் வந்த அன்னிக்கே. பத்து நாளாச்சு. லைசென்ஸுக்குக் குடுத்த ஃபைல் பூரா நெஞ்சுச் சதைன்னு எழுதியிருக்காம். இப்பத் தோலுன்னு மாத்தினா மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணுமாம், ரெண்டு வருசம் போயிருமாம். தடிப்பு கிடிப்புன்னு எங்கயும் எழுதாதேன்னுட்டாரு."

ஓகோ! அப்படியா சேதி! தெரிஞ்சுக்கிட்டே பண்றாருங்க. நாங்க இறக்கையில போட்டதும் தெரியும், நெஞ்சுல போட்டது வேலை செய்யலங்கறதும் தெரியும். இறக்கையில வந்த ரிசல்ட்ட எடுத்து நெஞ்சுக்குப் போட்டுக்குவாரு. நெஞ்சுல தோத்ததை எங்க தலையில கட்டிருவாரு. அப்பறம் பாட்டில் மேல நெஞ்சுச் சதையில போடவும்னு அச்சடிச்சு ஊரெல்லாம் விப்பாங்க. போட்டா ஏறாது. வெள்ளைக் கழிச்சல் வரும், கோழி கொத்துக் கொத்தா உழுகும். அன்னைக்கும் பண்ணைக்காரன் மருந்தையா சொல்லுவான்? ஊசி போட்டவளத்தான் சொல்லுவான். நாங்களோ இன்னொரு செட்டோ, எவளோ ஒருத்தி சூளைக்குப் போவா.

பயமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலீங்க. சீலையில கையத் தொடச்சுக்கிட்டு விடுவிடுன்னு உள்ள போனேன்.

"டாக்டரு, நாங்க அத்தனை கோழிக்கும் போட்டோம். ஒண்ணு ரெண்டுக்கு நீங்க சொன்ன மாதிரி நெஞ்சுல. மூணு நாலுக்கு இறக்கையில. உங்ககிட்டச் சொல்லாமப் போட்டது தப்பு. அந்தத் தப்பு என்னோடது, ஒத்துக்கறேன். ஆனா போடலன்னு ஒத்துக்க மாட்டேன். போட்டும் ஏறலன்னா அது உங்க நெஞ்சுச் சதையோட தப்பு."

டாக்டரு மூஞ்சி கடுத்துப்போச்சு. "சொன்னதை மீறிப் போட்டேன்னு நீங்களே சொல்றீங்க. இது வெளிய தெரிஞ்சா எந்தப் பண்ணையில உள்ள விடுவான்? யோசிச்சுப் பேசுங்க."

"ரோசனை பண்ணித்தான் பேசறேன். நீங்க எப்பங்க ரோசனை பண்ணப் போறீங்க? உங்களுக்கு இது பத்து நாளாத் தெரியுமில்ல?"

அவரு பார்வை சட்டுனு தீபிகா மேல போச்சு. அப்பத்தான் அந்தப் புள்ளையும் உள்ள வந்து ஸ்டூல்ல உக்காந்திருந்துச்சு. எனக்கு நாக்கக் கடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. ஆத்திரத்துல அதைக் காட்டிக் குடுத்துட்டனே!

"யாரு என்ன சொன்னாலும் எழுத்துல இருக்கறதுதான் பேசும்"னாரு டாக்டரு. "கையெழுத்துப் போடறீங்களா, இல்லையா?"

"போடறேன். பேனா குடுங்க."

வாசப்படியில இருந்து சாலம்மாக்கா, "செல்வி!"ன்னுச்சு. ஒத்தச் சொல்லு. போடாதேன்னு சொல்லுதா, போட்டுருன்னு சொல்லுதான்னு எனக்கு வெளங்கல. இப்பத் திரும்பிப் பாத்தேன். அது கண்ணுல தண்ணி நிக்குது. "எவ போடலன்னு எழுதியிருக்குதாம் அதுல? நான் ரெண்டாவது வரிசை முடிச்சுப்போட்டு மணிக்கட்டு வீங்கி ராத்திரி சோறு பெசைய முடியாமக் கெடந்தேன். அதை இல்லேன்னு எழுதறதுக்கு நீ பேனா வாங்கறியா?"ன்னுச்சு.

அது போதும்ங்க எனக்கு.

தாளைத் திருப்பிப் போட்டேன். பின் பக்கம் வெள்ளையா இருந்துச்சு. எனக்கு வேகமா எழுத வராது. நிறுத்தி நிறுத்தித்தான் எழுதினேன்.

ஒண்ணு, ரெண்டாம் வரிசைக் கோழி எல்லாத்துக்கும் நெஞ்சுச் சதையில் ரெண்டு தடவையும் ஊசி போட்டோம். ஒன்று கூட விடவில்லை. மூணு, நாலாம் வரிசைக்கு இறக்கைத் தோலில் போட்டோம். டாக்டரிடம் சொல்லாமல் போடச் சொன்னது நான். மருந்து ஏறினது இறக்கையில் போட்ட கோழிக்குத்தான். கோ. தமிழ்ச்செல்வி.

சாலம்மாக்கா உள்ள வந்து, மை டப்பாவக் கேக்காம எடுத்து, கட்ட வெரல அழுத்தி வெச்சுச்சு. கைநாட்டு அத்தனை அழுத்தமா எங்கயும் நான் பாத்ததில்ல.

"இந்தத் தாளை நான் அனுப்பப் போறதில்ல"ன்னாரு டாக்டரு. "கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதிக்குவேன். நீங்க இனி..."

"சார், எனக்கும் ஒரு பேனா குடுங்க."

தீபிகாதானுங்க. எந்திரிச்சு நிக்குது. "சார், நான் எழுதறதையும் சேத்துக் கிழிக்கறதுன்னா கிழிங்க. என்னோட நோட்டுப் புஸ்தகத்துல தேதியோட இருக்கு. அதோட பக்கத்தையெல்லாம் நேத்தே ஃபோட்டோ எடுத்து லேப்ல இருக்கற பெரிய மேடத்துக்கு அனுப்பிட்டேன்."

டாக்டரு குடுக்கல. நான் என்ற கையில இருந்ததைக் குடுத்தேன். என்ற எழுத்துக்குக் கீழ முத்து முத்தா எழுதுச்சு: மூன்று, நான்காம் வரிசைக் கோழிகளின் இறக்கைத் தோலில் தடிப்பையும், ஒன்று, இரண்டாம் வரிசைக் கோழிகளின் நெஞ்சில் ஊசித் தழும்பையும் நான் நேரில் பார்த்துப் பதிவு செய்தேன். கையெழுத்து, தேதி.

அந்தப் புள்ளைக்கு இருபத்தஞ்சு வயசுகூட இருக்காதுங்க. எனக்காச்சும் வேற பண்ணை இருக்குது, மூக்கு வெட்டற வேலை இருக்குது. அதுக்கு இந்த ஒரு வேலைதான். எனக்கு அழுகையே வராது, கல்லு நெஞ்சுன்னு எங்கூட்டுக்காரரே சொல்லுவாரு. அன்னைக்கு வந்துருச்சு.

சென்னிமலை அண்ணன் அத்தனை நேரமும் செல்ஃபோனையே பாத்துக்கிட்டு இருந்தவரு, மெல்ல எந்திரிச்சு வந்தாரு. "அண்ணா, இந்த மருந்த நாளைக்குக் காசு குடுத்து வாங்கப் போறது நீங்கதான்"னேன். செல்ஃபோனை நீட்டி அந்தத் தாளை ஒரு ஃபோட்டோ எடுத்தாரு. அப்பறம் டாக்டரப் பாக்காம, செவுத்தப் பாத்துக்கிட்டு, "பண்ணை என்னுதுங்க டாக்டரு. ஒரு காப்பி எங்கிட்ட இருக்கட்டும். கோழிய வெளிய எடுக்க வேண்டாம்னு கத்தினது நாந்தான்"னாரு. மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல! ஆனாலும் சொன்னாரே, அந்த மட்டுக்கும் சரி.

டாக்டரு தாளை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டுக் கெளம்பிட்டாரு. கிழிக்கல. கிழிச்சும் பிரயோசனமில்லேன்னு அவருக்கே தெரிஞ்சுபோச்சு. போற போக்குல, "உங்க செட்டு இனிமே எங்க மருந்தத் தொடாது"ன்னாரு.

"தொடாட்டிப் போகுது போங்க"ன்னேன். வாய் சொல்லிருச்சு. ஊட்டுக்கு வந்து ராத்திரி பூரா எந்தெந்தப் பண்ணை போகும்னு வெரலு விட்டு எண்ணிக்கிட்டேதான் கெடந்தேன். பொய் சொல்லுவானேன்.

அவரு சொன்ன மாதிரியே பண்ணினாரு. அந்தக் கம்பெனி மருந்து போற பண்ணையில எங்களக் கூப்பிடறதில்ல. மாசத்துக்கு ஆறேழு நாளு வேலை கொறஞ்சுபோச்சு. சாலம்மாக்கா வெளியூருப் பண்ணைக்கெல்லாம் பஸ்ஸேறி வருது, ஒரு வார்த்தை கொறை சொல்லல. தீபிகாவ வேலைய விட்டு எடுக்கல, பெரிய மேடம் தங்கிட்டயே வெச்சுக்கிட்டாங்களாம். மருந்து இன்னும் கடைக்கு வரல. ஃபைலத் திருப்பி வாங்கிட்டு, மொதல்ல இருந்து பாக்கறாங்களாம். இந்தத் தடவை இறக்கைத் தோல்ல. ஓமலூருப் பக்கம் ஒரு பண்ணையில, வேற செட்ட வெச்சு.

அந்த வேற செட்டு, வெண்ணிலாவோட செட்டு. என்ற போட்டிக்காரி. நான் சாயப்பட்டறையில நின்ன அந்த எட்டு மாசமும் என்ற பண்ணையெல்லாம் புடிச்சுக்கிட்டவ. போன வாரம் ஃபோன் பண்றா.

"ஏனக்கா, இந்த இறக்கை ஊசி எங்களுக்குச் சரியா வரமாட்டேங்குது. அந்தப் பக்கம் பொத்துக்கிட்டு மருந்து வெளிய போயிருது. டாக்டரு பேப்பர்ல படம் போட்டுக் குடுத்திருக்காரு, அதைப் பாத்தா ஒண்ணும் புரியல. நீதான் மொதல்ல போட்டவன்னு சொன்னாங்க."

எனக்கு வந்துச்சு பாருங்க எரிச்சல். என்ற வேலையப் புடுங்கிக்கிட்டு எங்கிட்டயே பாடம் கேக்கறாளே, எத்தனை எகத்தாளம்! ஃபோனை வெச்சுப்போடலாம்னுதான் நெனச்சேன். வெக்கல.

"ஊசியக் குத்தாதேடி. படுக்க வெச்சுச் சொருகு. ஊசி மூஞ்சி, அந்தச் சரிவா வெட்டின பக்கம், மேல பாத்த மாதிரி இருக்கோணும். ஒருத்தி இறக்கைய விரிச்சுப் புடிக்கோணும், இன்னொருத்தி போடோணும், ஒருத்தியே ரெண்டையும் பண்ணாதீங்க. தோலு வெள்ளையாக் கொப்புளிச்சு எந்திரிச்சாத்தான் உள்ள நின்னுச்சுன்னு அர்த்தம். எந்திரிக்கலன்னா அந்தக் கோழிக்கு மறுபடியும் போடு."

அவ எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, "இத்தனை பண்ணினேன் உனக்கு, எதுக்குக்கா எனக்குச் சொல்லித் தாரே?"ன்னா.

"உனக்காகவா சொல்றேன்? ஒழுங்காப் போடு. மருந்து ஏறலன்னா நாளைக்கு மருந்தச் சொல்ல மாட்டாங்கடி, உன்னையத்தான் சொல்லுவாங்க. அப்ப ஒரு தாளை நீட்டுவாங்க. அதுல கையெழுத்துப் போட்டுறாதே."